எந்தச் சில்லுக்கு எந்த யூஎஸ்பி புரோகிராமர்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆர்டுயினோ பலகையில் பழகிவிட்டுச் சொந்தமாகச் சுற்றுப் பலகை அமைக்கத் தொடங்கும் வாசகர்கள், மைக்ரோகண்ட்ரோலர் சில்லுகளில் நிரலை ஏற்றும் புரோகிராமர் கருவி பற்றித் தொடர்ந்து கேட்டு வருகிறார்கள். இந்தப் பகுதியில் அந்தக் கடிதங்களுக்கு மட்டுமே பதில் அளிக்கிறோம்.

கேள்வி: ஆர்டுயினோ யூனோவில் பல சிறு கருவிகளைச் செய்து பழகிவிட்டேன். இனி ஏடிமெகா 328பி, ஏடிடைனி 85 ஆகிய சில்லுகளைத் தனியாக வாங்கி என் சொந்தப் பலகையில் பொருத்த விரும்புகிறேன். பின்னர் பிக், எஸ்டிஎம்32 வகைகளையும் கற்கும் எண்ணம் உண்டு. எல்லாவற்றுக்கும் பயன்படும் ஒரே யூஎஸ்பி புரோகிராமர் எது?
– பொறியியல் மாணவி ஒருவர்

பதில்: அப்படி ஒரு கருவியைத் தேடி நாள்களைச் செலவிட வேண்டாம். கணினியின் யூஎஸ்பி வழியே வரும் தரவை, சில்லின் நிரல் நினைவகம் ஏற்கும் சமிக்ஞைகளாக மாற்றித் தருவதே புரோகிராமரின் வேலை. அந்தச் சமிக்ஞைகள் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடுகின்றன. எனவே எந்தச் சில்லு என்பது முடிவான பிறகுதான் எந்தப் புரோகிராமர் என்று கேட்பதில் பொருள் இருக்கிறது. பலர் முதலில் கருவியை வாங்கிவிட்டு, அதற்கேற்ற சில்லைப் பிறகு தேடுகிறார்கள். அலைச்சல் அங்கேதான் தொடங்குகிறது.

நீங்கள் குறிப்பிட்ட ஏடிமெகா 328பி, ஏடிடைனி 85 இரண்டும் ஏவிஆர் குடும்பத்தின் முந்தைய தலைமுறையைச் சேர்ந்தவை. மிசோ (சில்லிலிருந்து வரும் தரவு), மோசி (சில்லுக்குப் போகும் தரவு), எஸ்சிகே (கிளாக்), ரீசெட் என்னும் நான்கு சமிக்ஞை முனைகளும், மின்வழங்கல், கிரவுண்ட் ஆகிய இரண்டும் சேர்ந்த ஐஎஸ்பி முறையில் இவை நிரலை ஏற்கின்றன. அதே ஏவிஆர் பெயரில் வரும் புதிய தலைமுறைச் சில்லுகள், எடுத்துக்காட்டாக ஆர்டுயினோ நேனோ எவ்ரியில் உள்ள ஏடிமெகா 4809, யூபிடிஐ என்னும் ஒற்றைக் கம்பி முறைக்கு மாறிவிட்டன. ஐஎஸ்பிக்கு மட்டுமான கருவியால் அவற்றைத் தொடவே முடியாது. பிக் சில்லுகள் ஒரு தரவுக் கம்பி, ஒரு கிளாக் கம்பி ஆகியவற்றோடு, எம்சிஎல்ஆர் என்னும் ரீசெட் முனையில் வழக்கத்தைவிட உயர்ந்த ஒரு மின்னழுத்தத்தையும் எதிர்பார்க்கின்றன. எஸ்டிஎம்32 போன்ற ஆர்ம் கார்டெக்ஸ் சில்லுகளுக்கு எஸ்டபிள்யூடி என்னும் இரு கம்பி முறை போதும். ஈஎஸ்பி32க்கும் ஆர்பி2040க்கும் தனிப் புரோகிராமரே தேவையில்லை; நிரலை ஏற்றிக்கொள்ளும் பூட்லோடர் என்னும் சிறு நிரல் ஒன்று தொழிற்சாலையிலேயே அவற்றின் அழியாத நினைவகத்தில் பதிக்கப்பட்டுவிடுகிறது.

உங்கள் இப்போதைய தேவைக்கு யூஎஸ்பிஏஎஸ்பி என்னும் கருவியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறோம். தாமஸ் ஃபிஷல் வடிவமைத்து, சுற்று வரைபடத்தையும் கருவிக்குள் இயங்கும் நிரலான ஃபர்ம்வேரையும் எல்லோருக்கும் வெளியிட்ட கருவி இது. இதன் மையத்தில் இருப்பதும் ஓர் ஏடிமெகா சில்லுதான். யூஎஸ்பி தொடர்புக்கெனத் தனிச் சில்லு எதுவும் இல்லாமல், அந்தப் பணியையும் ஃபர்ம்வேரே செய்துவிடுகிறது. கணினியிலிருந்து நிரலை அனுப்பும் ஏவிஆர்டியூட் மென்பொருள் இதை விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் ஆதரிக்கிறது. வடிவமைப்பு திறந்ததாக இருப்பதால், பழுதானால் நீங்களே சரிசெய்ய முடியும் என்பதைச் சிறிய நன்மையாக நாங்கள் எண்ணவில்லை. இதே வகையைச் சேர்ந்த யூஎஸ்பிடைனிஐஎஸ்பியும் நல்ல கருவிதான். ஆனால் 64 கிலோபைட்டைவிடப் பெரிய நிரல் நினைவகத்தை அதனால் கையாள முடியாது. ஆர்டுயினோ மெகாவில் உள்ள ஏடிமெகா 2560ஐ என்றேனும் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

யூஎஸ்பிஏஎஸ்பி வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோற்றத்தில் அதைப் போலவே இருந்தாலும் வேறு ஃபர்ம்வேர் ஏற்றப்பட்ட கருவிகளும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றை ஏவிஆர்டியூட் அடையாளம் காணாது; விற்பவரின் தனி மென்பொருளோடு மட்டுமே அவை இயங்கும். பெட்டியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதைவிட, ஏவிஆர்டியூட்டுடன் இயங்கும் என்று விற்பவர் தெளிவாகச் சொல்கிறாரா என்று பாருங்கள்.

பிக் பக்கம் போகும்போது மட்டும் உங்கள் ஒரே கருவி ஆசைக்கு ஓரளவு வழி இருக்கிறது. ஏவிஆர் சில்லுகளைத் தயாரித்த ஆட்மெல் நிறுவனத்தை, பிக் சில்லுகளைத் தயாரிக்கும் மைக்ரோசிப் நிறுவனம் 2016இல் வாங்கிவிட்டது. அதன் பயனாக, அதற்குப் பின் வந்த பிக்கிட் 4 முதலான கருவிகள் பிக்கையும், ஏவிஆரின் ஐஎஸ்பி, யூபிடிஐ ஆகிய இரு முறைகளையும் ஆதரிக்கின்றன. எஸ்டிஎம்32க்கு அப்போதும் தனிக் கருவி வேண்டும். ஆகவே இன்றே பெரிய கருவியை வாங்காமல், யூஎஸ்பிஏஎஸ்பியில் தொடங்கி, அடுத்த குடும்பத்துக்கு உண்மையிலேயே போகும் நாளில் அதற்குரியதை வாங்குவதே நல்லது.

கேள்வி: என்னிடம் ஒரு யூனோ பலகை சும்மா இருக்கிறது. அதையே புரோகிராமராகப் பயன்படுத்தலாம் என்கிறார்கள். அப்படியானால் தனிக் கருவி எதற்கு?
– பள்ளி ஆசிரியர் ஒருவர்

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆர்டுயினோ மென்பொருளின் எடுத்துக்காட்டுகளில் உள்ள ஆர்டுயினோ ஐஎஸ்பி நிரலை யூனோவில் ஏற்றிய பிறகு, அதன் 11, 12, 13 ஆம் முனைகளை முறையே புதிய சில்லின் மோசி, மிசோ, எஸ்சிகே முனைகளுடனும், 10 ஆம் முனையைச் சில்லின் ரீசெட்டுடனும் இணைத்தால் யூனோ புரோகிராமராகிவிடும். கணினி தொடர்பு கொள்ளும் ஒவ்வொரு முறையும் யூனோ தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டு பூட்லோடருக்குள் போய்விடும் என்பதால், யூனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் போட வேண்டும். மின்தேக்கியை யூனோவில் அந்த நிரலை ஏற்றிய பிறகே பொருத்துங்கள். முன்பே பொருத்தினால் அந்த நிரலே ஏறாது.

ஓரிரு சில்லுகளில் பூட்லோடரைப் பதிக்க வேண்டும், அதன் பின் எல்லாம் சீரியல் வழியே நடக்கும் என்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஆனால் மாணவர்களுக்குக் கற்பிக்கும் இடத்தில் இதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறோம். தளர்ந்த ஜம்பர் கம்பிகள் ஆறு, மறந்துபோகும் மின்தேக்கி ஒன்று, தவறுதலாக யூனோவின் மேலேயே நிரலை ஏற்றிவிடும் வாய்ப்பு ஆகிய இத்தனையும் சேரும்போது, மாணவரின் நிரலில் பிழையா, இணைப்பில் பிழையா என்று பிரித்தறிவது கடினமாகிவிடுகிறது. முதல் முறை பழகுபவருக்குச் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவு நல்லது. ஆறு முனைக் கேபிளுடன் கூடிய தனிப் புரோகிராமர் அந்தச் சந்தேகங்களில் பெரும்பகுதியை நீக்கிவிடும்.

கேள்வி: புதிய ஏடிமெகா 328பி சில்லை யூஎஸ்பிஏஎஸ்பியுடன் இணைத்தேன். சில்லு பதிலளிக்கவில்லை என்று ஏவிஆர்டியூட் சொல்கிறது. கூடவே எஸ்சிகே காலத்தை அமைக்க முடியவில்லை, ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கவும் என்ற எச்சரிக்கையும் வருகிறது. அதே சில்லு ஆர்டுயினோவைப் புரோகிராமராக வைத்தபோது உடனே பதிலளித்தது. கருவி பழுதா?
– பொழுதுபோக்காக மின்னணுவியல் கற்கும் வாசகர்

பதில்: கருவி பழுதில்லை, உங்கள் கடிதத்தின் கடைசி வரியே காரணத்தைக் காட்டிவிடுகிறது. தொழிற்சாலையிலிருந்து வரும் ஏடிமெகா 328பி, உள்ளே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் அலைவியை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் இயங்குமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. ஐஎஸ்பி முறையில் எஸ்சிகே கம்பியின் வேகம் சில்லின் கிளாக்கில் நான்கில் ஒரு பங்கைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஆகவே உங்கள் சில்லு 250 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழேதான் கேட்கும். யூஎஸ்பிஏஎஸ்பி இயல்பாக 375 கிலோஹெர்ட்ஸில் பேசுகிறது. ஆர்டுயினோ ஐஎஸ்பி நிரலோ இயல்பாக 166 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போவதில்லை. சில்லு ஒன்றைக் கேட்டு மற்றொன்றைக் கேட்காததற்குக் காரணம் இந்த வேக வேறுபாடுதான்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. யூஎஸ்பிஏஎஸ்பி பலகையில் ஜேபி3 என்று குறிக்கப்பட்ட ஜம்பரை இணைத்தால் எஸ்சிகே வேகம் 8 கிலோஹெர்ட்ஸாகக் குறையும். சில நகல் பலகைகளில் அந்த இடத்தில் முனைகள் இல்லாமல் இரண்டு துளைகள் மட்டுமே இருக்கும். அங்கே ஒரு துண்டுக் கம்பியைப் பற்றவைக்க வேண்டியிருக்கும். 2011 மே மாத ஃபர்ம்வேரோ அதற்குப் பிந்தையதோ இருந்தால், ஏவிஆர்டியூட்டின் பி (-B) விருப்பத்தைக் கொண்டு மென்பொருள் வழியாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். நீங்கள் கண்ட எச்சரிக்கை, உங்கள் கருவியில் அதைவிடப் பழைய ஃபர்ம்வேர் இருப்பதையே காட்டுகிறது. அது தீங்கானதன்று, கருவி தன் இயல்பான வேகத்தில் தொடர்ந்து இயங்கும். புதுப்பிக்க விரும்பினால், யூஎஸ்பிஏஎஸ்பியையே நிரலேற்ற வேண்டிய சில்லாகக் கருதி, ஜேபி2 ஜம்பரை இணைத்து, வேறொரு புரோகிராமரால் ஏற்ற வேண்டும். உங்களிடம் இருக்கும் ஆர்டுயினோ அந்தப் பணியைச் செய்துவிடும்.

சில்லை ஒருமுறை 8 அல்லது 16 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, கிளாக் போன்ற அடிப்படை அமைப்புகளைச் சில்லுக்குள் குறிக்கும் பிட்டுகளான ஃபியூஸ்களை எழுதிவிட்டால், அதன் பின் ஜேபி3ஐ எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டாலும் நிரல் ஏறும். ஆனால் சில நொடிகளில் முடியும் வேலை பொறுமையைச் சோதிக்கும் அளவுக்கு நீளும்.

வேகத்தைக் குறைத்தும் பதில் வராவிட்டால், ஏவிஆர்டியூட் படித்துக் காட்டும் மூன்று பைட் அடையாளத்தைக் கவனியுங்கள். எல்லாம் சுழியாகவோ, எல்லா பிட்டுகளும் ஒன்றாகவோ வந்தால் மிசோ கம்பி, மின்வழங்கல், ரீசெட் ஆகியவற்றைச் சரிபாருங்கள். சில்லின் 7, 20 ஆம் முனைகள் இரண்டுக்கும் மின்வழங்கலும், 8, 22 ஆம் முனைகள் இரண்டுக்கும் கிரவுண்டும் போக வேண்டும். பிரெட்போர்டில் 20, 22 ஆம் முனைகளை விட்டுவிடுவது மிகப் பரவலான தவறு. மின்வழங்கலுக்கு அருகே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும், ரீசெட்டிலிருந்து மின்வழங்கலுக்கு 10 கிலோ ஓம் மின்தடையும் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்கள் வந்தால் கேபிள் நீளமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். நிலையான, ஆனால் எதிர்பாராத எண் வந்தால், உங்களிடம் இருப்பது 328பி இல்லாமல் வெறும் 328ஆக இருக்கலாம்; இரண்டும் ஏறக்குறைய ஒரே சில்லு என்றாலும் அடையாள எண் வேறு. இத்தகைய நேரத்தில் அடையாளச் சரிபார்ப்பைப் புறக்கணிக்கச் சொல்லும் விருப்பத்தைப் பயன்படுத்தாமல், மென்பொருளில் சரியான சில்லைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: என் பலகையில் 3.3 வோல்ட்டில் இயங்கும் எஸ்டி கார்டு இருக்கிறது. யூஎஸ்பிஏஎஸ்பியில் 3.3 வோல்ட்டுக்கு ஜம்பரை மாற்றிவிட்டால் பாதுகாப்பாக நிரலேற்றலாமா?
– மென்பொருள் துறையில் பணிபுரியும் வாசகி

பதில்: அந்த ஜம்பரை நம்ப வேண்டாம். புரோகிராமர் வாங்குபவர்கள் மிகக் குறைவாகக் கவனிப்பதும், பொருள் இழப்பை மிகுதியாக ஏற்படுத்துவதும் இந்த ஒரு செய்திதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

மின்னழுத்தத்தில் இரண்டு தனித்தனிச் செய்திகள் இருக்கின்றன. சில்லுக்குப் புரோகிராமர் வழங்கும் மின்வழங்கலின் அளவு ஒன்று. மோசி, எஸ்சிகே, ரீசெட் கம்பிகளில் செல்லும் சமிக்ஞையின் அளவு மற்றொன்று. பரவலாகக் கிடைக்கும் யூஎஸ்பிஏஎஸ்பி நகல்கள் பலவற்றில் அந்த ஜம்பர் முதலாவதை மட்டுமே மாற்றுகிறது. கருவியின் உள்ளே இருக்கும் ஏடிமெகா சில்லு யூஎஸ்பியின் 5 வோல்ட்டிலேயே தொடர்ந்து இயங்குவதால், சமிக்ஞைக் கம்பிகளில் 5 வோல்ட்டே வெளியே வருகிறது. எஸ்டி கார்டு அதே மோசி, மிசோ, எஸ்சிகே கம்பிகளைப் (எஸ்பிஐ) பகிர்ந்துகொள்வதால், அந்த 5 வோல்ட் நேரே கார்டுக்குப் போகும். கார்டுகள் அதற்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல. ஒரு முறை தாங்கிவிட்டது என்பதற்காக அடுத்த முறையும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

உங்கள் கருவி எந்த வகை என்பதை மல்டிமீட்டர் கொண்டு அறியலாம். ஜம்பரை 3.3 வோல்ட்டில் வைத்துவிட்டு, கருவியின் உள்ளே இருக்கும் சில்லின் மின்வழங்கல் முனையில் அளந்து பாருங்கள். 5 வோல்ட் காட்டினால் சமிக்ஞையும் 5 வோல்ட்தான். அப்போது கார்டை வெளியே எடுத்துவிட்டு நிரலேற்றுவது எளிய வழி. கார்டு பற்றவைக்கப்பட்டிருந்தால், அல்லது 3.3 வோல்ட் சென்சார்கள் அதே கம்பிகளில் இருந்தால், இடையில் மின்னழுத்த நிலை மாற்றி ஒன்றைப் போடுங்கள். இல்லையென்றால் இலக்குப் பலகையின் மின்னழுத்தத்தைத் தானே அறிந்து அதற்கேற்பச் சமிக்ஞையை அமைத்துக்கொள்ளும் புரோகிராமரை வாங்குங்கள். ஆட்மெல் ஐஸ், பிக்கிட் 4, எஸ்டிஎம்32 சில்லுகளைத் தயாரிக்கும் எஸ்டி நிறுவனத்தின் அசல் எஸ்டி லிங்க் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றில் மின்னழுத்தத்துக்கென ஒரு முனை இருப்பதைப் பார்த்து, அது பலகைக்கு மின்சாரம் தரும் என்று எண்ணிவிடாதீர்கள். அசல் எஸ்டி லிங்க் வி2இல் அது பலகையின் மின்னழுத்தத்தை அளப்பதற்கான உள்ளீடு மட்டுமே. விரல் நீள உலோக உறையில் வரும் நகல்களிலோ அதே இடத்தில் 3.3 வோல்ட் வெளியீடு இருக்கும். ஒன்றுக்கு எழுதப்பட்ட இணைப்பு வரைபடத்தை மற்றொன்றுக்குப் பயன்படுத்துவதால் பலகைகள் பாழாகின்றன.

கேள்வி: பழைய சீரியல் போர்ட் பிக் புரோகிராமர் ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது. புதிய மடிக்கணினியில் சீரியல் போர்ட் இல்லை. யூஎஸ்பி – சீரியல் கேபிள் போட்டுப் பயன்படுத்தலாமா?
– ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்

பதில்: தங்கள் கருவி ஜேடிஎம் வகையைச் சேர்ந்ததாக இருந்தால் அது நடவாது என்றே சொல்ல வேண்டும். அவ்வகைக் கருவிகள் சீரியல் போர்ட்டைச் சீரியல் போர்ட்டாகப் பயன்படுத்துவதே இல்லை. அதன் கட்டுப்பாட்டுக் கம்பிகளை மென்பொருள் நேரடியாக உயர்த்தித் தாழ்த்திக் கிளாக்கையும் தரவையும் உருவாக்குகிறது. சில்லுக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தையும் அக்கம்பிகளிலிருந்தே திரட்டிக்கொள்கிறது. பழைய கணினிகளின் போர்ட்டில் ஏறக்குறைய 12 வோல்ட் கிடைத்தது. யூஎஸ்பி கேபிள்கள் பலவற்றில் அதில் பாதிதான் கிடைக்கும், சிலவற்றில் வெறும் 5 வோல்ட். பிக் 16எஃப்877ஏ போன்ற சில்லுகளுக்கு எம்சிஎல்ஆர் முனையில் சுமார் 13 வோல்ட் வேண்டும். அதோடு, யூஎஸ்பியில் தரவு ஒரு மில்லிநொடிச் சட்டங்களாகப் பிரித்தே அனுப்பப்படுவதால், ஒவ்வொரு கம்பி மாற்றமும் அந்தச் சட்டத்துக்காகக் காத்திருக்க நேர்கிறது. மைக்ரோநொடிகளில் முடிய வேண்டிய துடிப்புகள் பல மடங்கு நீண்டுவிடுகின்றன.

இதற்கு மாற்றாக பிக்கிட் வகைக் கருவி ஒன்றை வாங்கலாம். பிக்கிட் 3இன் நகல்கள் எளிதில் கிடைக்கின்றன. பழைய 16எஃப் சில்லுகளுக்கு அவை போதும். ஆனால் மைக்ரோசிப் நிறுவனத்தின் எம்பிலாப் எக்ஸ் மென்பொருளின் அண்மைப் பதிப்புகள் பிக்கிட் 3ஐக் கைவிட்டுவிட்டதால், பழைய பதிப்பு ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அதே நிறுவனத்தின் ஸ்னாப் என்னும் எளிய கருவியைத் தங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டோம். அது உயர் மின்னழுத்தம் தருவதில்லை. பலகைக்கு மின்சாரமும் வழங்குவதில்லை. தங்களிடம் இருக்கக்கூடிய பழைய சில்லுகளுக்கு அது பொருந்தாது.

கேள்வி: ஏடிடைனி 85இல் முனைகள் போதவில்லை என்பதால் ரீசெட் முனையைச் சாதாரண முனையாக மாற்றும் ஃபியூஸை எழுதினேன். அதன் பிறகு எந்தப் புரோகிராமருக்கும் சில்லு பதிலளிக்கவில்லை. சில்லு இறந்துவிட்டதா?
– பாலிடெக்னிக் மாணவர் ஒருவர்

பதில்: இறக்கவில்லை, வாசல் பூட்டப்பட்டிருக்கிறது. ஐஎஸ்பி முறை தொடங்குவதே ரீசெட் முனையைத் தாழ்த்துவதில்தான். அந்த முனை ரீசெட்டாக இல்லாதபோது யூஎஸ்பிஏஎஸ்பிக்கு உள்ளே நுழைய வழியில்லை. அந்த முனையில் 12 வோல்ட் கொடுத்து நுழையும் உயர் மின்னழுத்த முறை ஒன்று இருக்கிறது. ஏடிடைனி 85க்கு அது சில கம்பிகளோடு முடியும் தொடர்முறை என்பதால், ஓர் ஆர்டுயினோ, ஒரு டிரான்சிஸ்டர், 12 வோல்ட் மூலம், சில மின்தடைகள் ஆகியவற்றைக் கொண்டு ஃபியூஸை மீட்டுவிடலாம். ஏடிமெகா 328பிக்கு அதே பிழை நேர்ந்தால் பத்துக்கும் மேற்பட்ட கம்பிகள் தேவைப்படும் இணைமுறைதான் வழி. அங்கே புதிய சில்லு வாங்குவதே பெரும்பாலும் எளிது.

பூட்டியதாகத் தோன்றும் சில்லுகள் எல்லாம் இந்த வகையல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிரிஸ்டல் பொருத்தாத பலகையில் வெளிக் கிரிஸ்டலுக்கான ஃபியூஸை எழுதினாலும் சில்லு இதே போல் மௌனமாகிவிடும். அப்போது கிரிஸ்டல் இணையும் எக்ஸ்டால்1 முனையில், மற்றோர் ஆர்டுயினோவிலிருந்து ஒரு மெகாஹெர்ட்ஸ் அளவிலான சதுர அலையைக் கொடுத்தபடி புரோகிராமரை இணைத்தால், பெரும்பாலும் மீண்டும் உள்ளே போய்விடலாம்.

ஏவிஆர் ஃபியூஸ்களில் 0 என்பதுதான் செயல்படுத்தப்பட்ட நிலை, 1 என்பது செயல்படாத நிலை. ஒரு பிட்டைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று எண்ணி 1 எழுதுபவர்கள் எதிரானதைச் செய்துவிடுகிறார்கள். எழுதும் முன் பழைய மதிப்புகளைப் படித்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபியூஸ் கணக்கிடும் கருவியில் சில்லின் பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள்.

கேள்வி: நீல நிற எஸ்டிஎம்32எஃப்103 பலகைக்கு எஸ்டி லிங்க் நகல் ஒன்றைப் பயன்படுத்துகிறேன். முதல் நிரல் நன்றாக ஏறியது. இரண்டாவது முறை இலக்கைக் காணவில்லை என்கிறது.
– பகுதிநேரமாக ரோபோ செய்பவர்

பதில்: உங்கள் முதல் நிரலே எஸ்டபிள்யூடி முனைகளை மூடியிருக்க வேண்டும். பிஏ13, பிஏ14 ஆகிய இரண்டு முனைகளும் எஸ்டபிள்யூடிக்கு உரியவை. எஸ்டிஎம்32க்கான கியூப் மென்பொருளில் திட்டத்தை உருவாக்கும்போது டீபக் (இயங்கும் நிரலில் பிழை தேடுதல்) வகையை எஸ்டபிள்யூடி என்று தேர்ந்தெடுக்க மறந்தால், நிரல் இயங்கத் தொடங்கியதும் அந்த முனைகள் துண்டிக்கப்படலாம். பூட்0 ஜம்பரை 1க்கு மாற்றி ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். அப்போது உங்கள் நிரல் இயங்காது; உள்ளே நிலையாக இருக்கும் பூட்லோடர் இயங்கும்; எஸ்டி லிங்க் உடனே இலக்கைக் காணும். நினைவகத்தை அழித்து, ஜம்பரை 0க்குத் திருப்பி, திட்டத்தில் டீபக் அமைப்பைச் சரிசெய்துவிட்டு மீண்டும் ஏற்றுங்கள்.

ரீசெட் நிலையில் இணைத்தல் என்றொரு விருப்பமும் மென்பொருளில் உண்டு. ஆனால் நகல் எஸ்டி லிங்க் பலவற்றில் வெளியே தெரியும் ரீசெட் முனை எஸ்டிஎம்8 சில்லுகளுக்கானது மட்டுமே என்பதால் அந்த விருப்பம் பலன் தராமல் போகலாம். பூட்0 வழியே உறுதியானது. உலோக உறையில் அச்சிட்டுள்ள முனை வரிசை ஒரு தொகுதிக்கும் மற்றொரு தொகுதிக்கும் மாறுவதுண்டு என்பதால், புதிய கருவியை வாங்கும்போதெல்லாம் உறையில் உள்ளதைப் படித்தே இணையுங்கள்.

கேள்வி: டீபக் வசதி உள்ள கருவிக்குக் கூடுதலாகச் செலவிடுவது தேவையா?
– வீட்டிலிருந்தே கற்கும் வாசகி

பதில்: எஸ்டிஎம்32 பழகுகிறீர்கள் என்றால் இந்தக் கேள்வியே எழாது. நிரல் ஏறும் அதே எஸ்டபிள்யூடி கம்பிகளில் பிரேக்பாயின்ட் வைப்பதும், மாறிகளின் மதிப்பைப் பார்ப்பதும் இயல்பாகவே கிடைக்கின்றன. எளிய எஸ்டி லிங்க் கருவிக்கும் அது இயலும். ஏவிஆரின் ஐஎஸ்பி முறையிலோ டீபக் கிடையாது. ஏடிமெகா 328பியில் டீபக்வயர் என்னும் தனி முறை உண்டு. அதற்கு ஆட்மெல் ஐஸ் போன்ற கருவி வேண்டும். சிறிய நிரல்களுக்குச் சீரியல் வழியே மதிப்புகளை அச்சிட்டுப் பார்ப்பது பெரும்பாலும் போதும். இன்டரப்ட்கள் மிகுந்த நிரல்களில்தான் அச்சிடும் செயலே நேரத்தைக் குலைத்துப் பிழையை மறைத்துவிடும். அந்த நிலையை அடைந்தபின் வாங்கினால் போதும்.

கேள்வி: புதிய ஏவிஆர் சில்லுகளுக்கு வெறும் யூஎஸ்பி – சீரியல் பலகையே புரோகிராமராகிவிடும் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? எந்தச் சீரியல் பலகையை வாங்குவது?
– கல்லூரி ஆய்வகப் பணியாளர் ஒருவர்

பதில்: உண்மைதான். யூபிடிஐ முறை அடிப்படையில் ஒரே கம்பியில் நடக்கும் சீரியல் தொடர்பு என்பதால், சீரியல் பலகையின் அனுப்பும் முனையையும் பெறும் முனையையும் ஒரு ஷாட்கி டையோடு வழியே ஒன்றாக்கினால் போதும். டையோடின் கோடு இட்ட பக்கம் அனுப்பும் முனையை நோக்க, மறுபக்கம் பெறும் முனையோடும் சில்லின் யூபிடிஐ முனையோடும் சேர வேண்டும். ஏவிஆர்டியூட்டின் 7ஆம் பதிப்பு முதல் இந்த முறை சீரியல் யூபிடிஐ என்ற பெயரில் கிடைக்கிறது. இதற்கெனத் தனிக் கருவி வாங்காமலேயே புதிய தலைமுறைச் சில்லுகளைத் தொடங்கலாம் என்பது கற்பவர்களுக்குப் பெரும் வசதி. உங்கள் ஆய்வகத்துக்கு இதை மனமாரப் பரிந்துரைக்கிறோம்.

சீரியல் பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது, 3.3, 5 வோல்ட் ஆகிய இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளும் வசதி இருப்பதைப் பாருங்கள்; சமிக்ஞையின் அளவும் உண்மையிலேயே மாறுகிறதா என்று அளந்து உறுதிசெய்யுங்கள். சிஎச்340, சிபி2102 சில்லுகள் கொண்ட பலகைகள் இந்தப் பணிக்கு நன்றாகவே உதவும். எஃப்டி232 வாங்கினால் அசலாக இருக்கட்டும். 2014 அக்டோபரில் விண்டோஸ் புதுப்பிப்பு வழியே வந்த, அச்சில்லைத் தயாரிக்கும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் டிரைவர் ஒன்று, போலிச் சில்லுகளின் அடையாள எண்ணைச் சுழியாக்கியதால், அவற்றைக் கொண்ட பலகைகள் கணினியில் தெரியாமல் போயின. அப்பலகைகளை வைத்திருந்தவர்களில் பலருக்குத் தம்மிடம் இருப்பது போலி என்பதே அதுவரை தெரியாது.

ஆய்வகக் கணினிகளில் டிரைவர் பற்றியும் ஒரு சொல். யூஎஸ்பிஏஎஸ்பிக்கு விண்டோஸில் சாடிக் மென்பொருளைக் கொண்டு டிரைவரை நிறுவும்போது, பட்டியலில் புரோகிராமரைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். தவறுதலாக விசைப்பலகையையோ மௌஸையோ தேர்ந்தெடுத்தால் அதன் டிரைவர் மாற்றப்பட்டு அது இயங்காமல் போகும். லினக்ஸில் டிரைவர் தேவையில்லை. ஆனால் சாதாரணப் பயனருக்கு அனுமதி தரும் யூடெவ் விதி ஒன்றை எழுதிவைக்க வேண்டும். அதை எழுதாமல் ஒவ்வொரு முறையும் நிர்வாகி உரிமையோடு மென்பொருளை இயக்க மாணவர்களைப் பழக்க வேண்டாம்.